ஜாவா சொல்வது 100, விடைக்குறிப்பு சொல்வது 50

இன்று கொஞ்சம் நீளமான பதிவு, அதுவும் கம்ப்யூட்டர் விஷயம். கோலமும் பழைய பள்ளிக்கூடக் கதையும் படிக்க வந்தவர்கள் நாளை வாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். பொறியியல் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் மட்டும் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தோண்டி எடுக்க வேண்டாம். நான் 1980-இல் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கியவள். ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 34 வருடம் கணக்குப் போட்டுக் காட்டியவள். பி.இ., எம்.இ. எதுவும் கிடையாது. ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது பைத்தான் கற்றுக்கொண்டேன், அதன்பின் ஜாவா. "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வயசுல?" என்று கேட்டவர்களுக்கு அப்போதே பதில் சொல்லியாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகள் இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் சேர்ந்து ப்ரோகிராம் எழுதுவோம், சுண்டல் தின்போம். போன வாரம் வந்தவள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. கல்லூரி உள்தேர்வு விடைத்தாளை நீட்டினாள். ஒரே கேள்வி, மூன்று பகுதி, ஆறு மார்க். அவளுக்குக் கிடைத்தது இரண்டு.

கேள்வி இதுதான். ஒரு தாய் கிளாஸ். (கல்லூரியில் பேரண்ட் கிளாஸ் என்பார்கள். எனக்குத் தாய், பிள்ளை என்று சொன்னால்தான் வருகிறது.) அதில் கட்டணம் என்று ஒரு ஃபீல்டு, மதிப்பு 100. அதைத் திருப்பித் தரும் ஒரு கெட்டர். பிள்ளை கிளாஸிலும் கட்டணம் என்று அதே பெயரில் ஒரு ஃபீல்டு, மதிப்பு 50. தாய் வகை என்று அறிவித்த மாறியில் பிள்ளை ஆப்ஜெக்டை வைக்கிறோம். முதல் பகுதி: அந்த மாறி வழியாகக் கட்டணம் என்ற ஃபீல்டை நேராகப் படித்தால் என்ன அச்சாகும்? இரண்டாம் பகுதி: பிள்ளையும் தனக்கென்று கெட்டர் எழுதியிருந்தால், அந்தக் கெட்டரை அழைக்கும்போது என்ன வரும்? மூன்றாம் பகுதி: பிள்ளை ஃபீல்டை மட்டும் எழுதிவிட்டுக் கெட்டரை எழுதாமல் விட்டிருந்தால்?

அவள் எழுதியது 100, 50, 100. விடைக்குறிப்பில் இருந்தது 50, 50, 50.

அவள் எழுதியதுதான் சரி. நான் சொல்கிறேன் என்பதற்காக அல்ல, ஜாவா சொல்கிறது. ஜாவாவில் மெத்தட் மட்டும்தான் ஓவர்ரைடு ஆகும், ஃபீல்டு ஆகாது. பிள்ளை அதே பெயரில் ஃபீல்டு வைத்தால் தாயின் ஃபீல்டு அழிவதில்லை, மறைகிறது. ஆப்ஜெக்டுக்குள் இரண்டு கட்டணமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எதைப் படிப்பது என்பதை மாறியின் மேல் எழுதியிருக்கும் வகை தீர்மானிக்கும், உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் தீர்மானிக்காது. அதனால் முதல் பகுதிக்கு 100. கெட்டர் ஒரு மெத்தட், அதனால் அங்கே ஆப்ஜெக்ட் யார் என்று பார்க்கப்படும்: 50. மூன்றாவதில் பிள்ளைக்குத் தாயின் கெட்டர்தான் வாய்த்தது. அது எழுதப்பட்ட இடம் தாயின் வீடு. அதன் கண்ணுக்குத் தெரிந்தது தாயின் கட்டணம் மட்டும்தான். 100.

அந்தப் பெண் துறை அறைக்குப் போய், ப்ரோகிராமை ஓட்டிக் காட்டியிருக்கிறாள். திரையில் 100, 50, 100 என்று வரிசையாக வந்திருக்கிறது. கிடைத்த பதிலை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஓவர்ரைடிங்னா சைல்டுதாம்மா ஜெயிக்கும். நோட்ஸ்ல இருக்கறத எழுது."

எனக்கு வந்த கோபம் நான்கு மார்க்குக்காக இல்லை. நானும் தப்பாகத் திருத்தியிருக்கிறேன். 34 வருடத்தில் எத்தனை தடவை பிள்ளைகள் எழுந்து "டீச்சர், விடை தப்பு" என்று சொல்லியிருக்கும்! முகம் சிவக்கும்தான். ஆனால் கரும்பலகையில் மறுபடி போட்டுப் பார்ப்பேன், தப்பென்றால் அழித்து எழுதுவேன். கணக்குக்குச் சாட்சி கரும்பலகை. ப்ரோகிராமுக்குச் சாட்சி இயந்திரமே. எதிரே சாட்சி நின்று பேசுகிறது, இவர்கள் நோட்ஸைக் காட்டுகிறார்கள்.

இது ஒரு கல்லூரியில் ஒருவர் செய்த பிழை என்று விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவளுடைய நோட்ஸை வாங்கிப் படித்தேன். கெட்டர், செட்டர் பற்றி ஒன்றரைப் பக்கம். "எல்லா ஃபீல்டையும் ப்ரைவேட் ஆக்கு, ஒவ்வொன்றுக்கும் கெட்டர் செட்டர் எழுது, அதுவே என்காப்சுலேஷன்." ஏன் என்ற கேள்வியே ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. எட்டாம் வாய்ப்பாட்டைக் கூட நான் இப்படி ஒப்பிக்க வைத்ததில்லை.

சரி, ஏன்? கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காகப் பள்ளிக்கூட உதாரணமே சொல்கிறேன். ஃபீல்டு என்பது வராண்டா மேசையில் திறந்து கிடக்கும் வருகைப் பதிவேடு. யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். கெட்டர் என்பது அலுவலக எழுத்தர். "இன்றைக்கு எத்தனை பேர் வருகை?" என்று அவரைக் கேட்க வேண்டும். அவர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறாரா, எண்ணிச் சொல்கிறாரா என்பது கேட்பவருக்குத் தேவையில்லை. உள்ளே முறை மாறினாலும் கேள்வி மாறாது. ஒரு பகுதி எடுத்த முடிவு மற்ற பகுதிகளுக்குத் தெரியாதபடி மறைந்திருக்க வேண்டும் என்று டேவிட் பார்னஸ் 1972-லேயே கட்டுரை எழுதிவிட்டார். பெர்ட்ராண்ட் மேயர் 1988-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு விதியாகவே வைத்தார்: சேமித்து வைத்த மதிப்பானாலும் கணக்கிட்டுத் தரும் மதிப்பானாலும், கேட்கும் விதம் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவர் உருவாக்கிய ஐஃபெல் மொழியில் அப்படித்தான் இருக்கிறது. கேட்கிறவர் எழுதும் வரியைப் பார்த்து உள்ளே இருப்பது ஃபீல்டா மெத்தடா என்று சொல்ல முடியாது.

ஜாவாவில் அந்த வசதி இல்லை. ஃபீல்டைப் படிக்க ஒரு விதம், மெத்தடை அழைக்க அடைப்புக்குறி போட்டு வேறு விதம். இன்று ஃபீல்டாக விட்டு நாளை மெத்தடாக மாற்றினால், அதைப் பயன்படுத்திய ஆயிரம் இடத்தையும் திருத்த வேண்டும். அதற்குப் பயந்துதான் ஜாவாக்காரர்கள் முதலிலேயே கெட்டர் எழுதி வைத்தார்கள். அதற்கு "கெட்" என்று முன்னொட்டு வைக்கும் வழக்கம் நிலைபெற்றது ஜாவாபீன்ஸால். 1997-இல் ஜாவா 1.1-உடன் வந்தது. படம் வரைவதுபோல இழுத்துப் போட்டு ப்ரோகிராம் செய்யும் கருவிகள், ஒரு கிளாஸில் என்னென்ன பண்புகள் உண்டு என்று பெயரைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும், அதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. நோட்ஸ் எழுதியவர்கள் இதை வேதவாக்கு ஆக்கிவிட்டார்கள். 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்ற ரெக்கார்டு வகையில் அந்த "கெட்" கூடக் கிடையாது, பண்பின் பெயரேதான் மெத்தடின் பெயர். ரெக்கார்டை நீட்டித்துப் பிள்ளை கிளாஸும் எழுத முடியாது. நோட்ஸ் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

என் தம்பி மருமகன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். போனில் இதையெல்லாம் சொன்னேன். "அத்தை, கெட்டர் எழுதி வைக்கிறது பாதுகாப்புதானே, பின்னாடி மாத்திக்கலாம்ல" என்றார். ஜாவாவில் அவர் சொல்வது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பைத்தானில்? அங்கே வெறும் ஃபீல்டாக விட்டுவிட்டு, தேவைப்படும் நாளில் ப்ராப்பர்ட்டி ஆக்கலாம். பயன்படுத்துகிறவர் ஒரு எழுத்தைக் கூட மாற்ற வேண்டியதில்லை. சி ஷார்ப்பில் முதல் பதிப்பிலிருந்தே ப்ராப்பர்ட்டி உண்டு. ஒரு மொழியின் குறைக்குக் கண்டுபிடித்த கைவைத்தியத்தை எல்லா மொழிக்கும் பொது விதி என்று கற்பிக்கலாமா? பைத்தான் பாடத்திலும் இதே பிள்ளைகள் பத்து ஃபீல்டுக்கு இருபது மெத்தட் எழுதி வைத்திருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

இதைவிட முக்கியமான இடம் ஓவர்ரைடு. நோட்ஸில் அதற்கு ஒரே வரி: "சைல்டு கிளாஸ் கெட்டரை ஓவர்ரைடு செய்யலாம்." செய்தால் என்ன ஆகும்? அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் மகளிர் குழுச் சேமிப்பும் கடனும் உண்டு. கணக்கு நான்தான். நோட்டில் எழுதியதைப் பைத்தானுக்கு மாற்றினேன். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். உறுப்பினர் என்று ஒரு கிளாஸ், அதில் தாமதக் கட்டணம் என்று ஒரு ப்ராப்பர்ட்டி. தவணை தவறினால் 40 ரூபாய். இரண்டு வயதான உறுப்பினர்களுக்கு மட்டும் அந்தக் கட்டணம் வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவானது. நான் மூத்த உறுப்பினர் என்று பிள்ளை கிளாஸ் எழுதி, கெட்டர் பூஜ்யம் தரும்படி மேலெழுதினேன். ஓட்டிப் பார்த்தால் சீட்டில் 40-ஏ வருகிறது!

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் இது: நான் ஒரு சாதாரண மெத்தடை எழுதி அதை ப்ராப்பர்ட்டி என்று பொதிந்திருந்தேன். பிள்ளையில் அந்த மெத்தடை மட்டும் மறுபடி எழுதினேன். ஆனால் ப்ராப்பர்ட்டி தன்னிடம் வைத்திருப்பது மெத்தடின் பெயரை அல்ல, தாய் கிளாஸ் எழுதிய அந்த மெத்தடையே. "தலைமையாசிரியர்" என்று முகவரி எழுதாமல் ஆளின் பெயரை எழுதிவிட்டால் என்ன ஆகும்? புதுத் தலைமையாசிரியர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கடிதம் பழையவர் வீட்டுக்கே போகும். பிள்ளையில் ப்ராப்பர்ட்டியையே புதிதாக அறிவித்த பிறகுதான் சீட்டில் பூஜ்யம் வந்தது. முடிந்தது என்று மூடி வைத்தேன்.

முடியவில்லை. சீட்டில் வரி வரியாகக் கணக்கு இருக்கும். கூட்டத்தில் வாசிக்கும் பட்டியலில் மொத்தம் மட்டும். அந்த மொத்தத்தைக் கூட்டும் மெத்தட் தாய் கிளாஸில் இருந்தது. அதை எழுதிய நாளில் நான் கெட்டரைக் கேட்காமல், உள்ளே இருந்த ஃபீல்டை நேராக எடுத்துக் கூட்டியிருந்தேன். வீட்டுக்குள் இருப்பவள் எழுத்தரைக் கேட்பானேன் என்ற நினைப்பு. பிள்ளை மேலெழுதியது எதுவும் அந்த மெத்தடுக்குத் தெரியவே இல்லை.

கூட்டத்தில் பட்டியல் வாசித்தார்கள். அந்த அம்மாள் பெயருக்கு நேரே 40 ரூபாய் கூடுதல். எழுபது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை. "எனக்கு இல்லேன்னு சொன்னாங்களே" என்று மெல்லக் கேட்டார். "டீச்சரம்மா கம்ப்யூட்டர்ல போட்டது, தப்பா வருமா?" என்று யாரோ சொன்னார்கள். அவர் வேறு பேச்சுப் பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து 40 ரூபாயை எண்ணி வைத்தார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. நானும் கம்ப்யூட்டரைத்தான் நம்பினேன். அன்று இரவு ப்ரோகிராமை வரி வரியாகப் படித்தபோது தெரிந்தது. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

பைத்தான் மேல் எனக்குக் குறை இல்லை, என் அலட்சியம்தான். ஆனால் தாய் கிளாஸ் தன் மதிப்பைத் தானே கெட்டர் வழியாகக் கேட்க வேண்டுமா, ஃபீல்டை நேராகத் தொடலாமா என்பது பெரியவர்கள் வாதாடிய கேள்வி. கென்ட் பெக் ஸ்மால்டாக் பற்றிய நூலில் இரண்டு வழியையும் தனித்தனியாக வைத்துப் பேசுகிறார். மார்ட்டின் ஃபௌலர் 1999-இல் எழுதிய ரீஃபேக்டரிங் நூலில் ஃபீல்டிலிருந்து கெட்டருக்கு மாறுவதை ஒரு தனி வேலையாகவே சொல்லிக்கொடுக்கிறார். என் கட்சி இதுதான்: பிள்ளை மேலெழுதலாம் என்று அனுமதித்துவிட்டால், அதற்குப் பிறகு தாயும் கெட்டரைத்தான் கேட்க வேண்டும். அனுமதிக்கவில்லை என்றால் கதவைப் பூட்டிவிட வேண்டும். பாதி திறந்த கதவில்தான் 40 ரூபாய் போனது.

"எப்போதும் கெட்டரையே கேள்" என்றும் சொல்லிவிட முடியாது, அதிலும் ஒரு குழி இருக்கிறது. ஜாவாவிலும் காட்லினிலும் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் முதலில் ஓடும், பிள்ளையின் ஃபீல்டுகளுக்கு மதிப்புப் போடும் வேலை அதன் பிறகுதான். தாய் தன் கன்ஸ்ட்ரக்டருக்குள் கெட்டரை அழைத்தால் போய்ச் சேருவது மேலெழுதிய பிள்ளையின் கெட்டரிடம். அதன் கையில் இன்னும் ஒன்றும் இல்லை. பூஜ்யத்தையோ வெறுமையையோ தரும். குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதனிடம் பெயர் கேட்கிற கதை. கன்ஸ்ட்ரக்டரிலிருந்து மேலெழுதக்கூடிய மெத்தடை அழைக்காதே என்று ஜோஷ்வா ப்ளாக் 2001-இல் எழுதிய எஃபெக்டிவ் ஜாவாவில் தெளிவாக எச்சரித்திருக்கிறார். மரபுரிமைக்கென்று யோசித்து எழுதி விளக்கமும் எழுதி வை, இல்லையேல் தடை செய் என்பதும் அதே நூலில்தான்.

தடை செய்வதில் ஜாவா இயல்பிலேயே தாராளம்: நீ பூட்டாவிட்டால் எல்லாமே திறந்துதான் கிடக்கும். சி ஷார்ப் அப்படி இல்லை, மேலெழுத அனுமதி உண்டு என்று தாய் சொன்னால்தான் உண்டு, பிள்ளையும் நான் மேலெழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காட்லினும் பூட்டித்தான் தருகிறது, திறப்பது உன் வேலை. சந்தேகமில்லாமல் நான் இவர்கள் பக்கம். ஜாவாஸ்கிரிப்டைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே தாய்க்குக் கெட்டர், செட்டர் இரண்டும் இருந்து பிள்ளை செட்டரை மட்டும் மறுபடி எழுதினால் கெட்டர் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். படித்தால் "வரையறுக்கப்படவில்லை" என்று வரும். ஸ்விஃப்ட் மொழியில் செட்டரை மேலெழுதினால் கெட்டரையும் எழுதியாக வேண்டும் என்பது விதி.

இப்போது சொல்லுங்கள். ஒரு மொழியில் ஃபீல்டு மறைகிறது, ஒரு மொழியில் ப்ராப்பர்ட்டி பழைய மெத்தடையே பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒரு மொழியில் கெட்டரே காணாமல் போகிறது. இத்தனை இருக்கையில் "சைல்டுதான் ஜெயிக்கும்" என்று ஒரே வரியில் முடிக்கிறவரை நான் எப்படி ஆசிரியர் என்று ஒப்புக்கொள்வது? அவருக்கு வேலைப்பளு இருக்கும், சம்பளம் குறைவாக இருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். நானும் ஐந்து வகுப்புக்கு ஒருத்தியாக நின்றிருக்கிறேன். ஆனால் ப்ரோகிராமை ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதுவும் மாணவியே ஓட்டிக் காட்டிவிட்டாள். திரையைப் பார்க்க மட்டும்தான் வேண்டியிருந்தது.

அந்தப் பெண் அதற்குப் பிறகு வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். அம்மா சொன்னாள், இவள் என்னிடம் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பில் அந்த அம்மாவும் இப்படித்தான், ஒரு தடவை அதட்டியதற்கு ஒரு மாதம் கை தூக்கவில்லை. அதட்டியது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "டீச்சர் பாட்டி, செமஸ்டர்ல இதே கேள்வி வந்தா எத எழுதட்டும்? 100-ஆ, 50-ஆ?"

உடனே 100 என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நான்கு மார்க் போனால் எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் போகும். உட்கார வைத்து ஜாவா மொழி விவரக்குறிப்பைத் திறந்தோம். ஃபீல்டு மறைப்பது பற்றி 8.3, ஃபீல்டைப் படிக்கும்போது எந்த வகையைப் பார்ப்பது என்பது பற்றி 15.11. இரண்டையும் சேர்ந்து படித்தோம். 100 என்று எழுதி, பக்கத்திலேயே அந்த எண்களையும் எழுதச் சொன்னேன். திருத்துகிறவர் தேடிப் பார்ப்பாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

புதன்கிழமை தேர்வு. முடிந்ததும் போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.